தாது வருஷத்தில் ரயில் ஓடியது

திருச்சியிலிருந்து திண்டுக்கல் வரும் நான்குவழிச் சாலையில், வடமதுரைக்குச் சற்று முன்னால் அய்யலூர் வரும். அங்கே ஒரு தக்காளிச் சந்தை இருக்கிறது. விலை நன்றாக இருக்கும் மாதங்களில் அந்தச் சந்தையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. விலை விழுந்துவிட்டால் சாலையோரத்தில் தக்காளி கொட்டிக் கிடக்கும். ஆடு மாடு தின்றது போக மிச்சம் வெயிலில் புளித்துக் கிடக்கும்.

அப்படி ஒரு நாளில் சித்தப்பாவுடன் அந்த வழியாக வந்தேன். அவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு அடிக்கிறவர். இருபது வருஷத்துக்கு மேல் லாரிதான் வாழ்க்கை.

"ஏன் சித்தப்பா, மெட்ராஸ்ல இத எத்தனை பேர் வாங்குவாங்க? ஏத்தி அனுப்பினா என்ன?"

"பறிகூலி, பெட்டி, ஏத்துகூலி, லாரி வாடகை, கமிஷன். எல்லாம் போக கையில இருந்துதான் காசு போடணும். வாடகைக்கே கட்டாதுப்பா."

"வாடகைக்கே கட்டாது." இந்த ஒரு வரியை மென்பொருளாக எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். சரக்கு வண்டிகள் எந்த வழியில் போக வேண்டும், எந்த ஊருக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை போக வேண்டும் என்று கணக்குப் போடும் நிரல் எழுதுவது என் வேலை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வரிசை. அதில் ஒரு கட்டத்தின் பெயர் 'தேவை'. அந்த ஊரிலிருந்து எத்தனை ஆர்டர் வந்ததோ அதுதான் தேவை. மூன்று வாரம் அந்தக் கட்டத்தில் 0 வந்தால் வண்டிப் பாதையிலிருந்து அந்த ஊர் தானாக விழுந்துவிடும். அந்த விதியை எழுதியது நான்தான். எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது. டீசல் மிச்சம்.

2020 ஏப்ரலில், ஊரடங்கு நடந்துகொண்டிருந்தபோது, பாதையிலிருந்து விழுந்த ஊர்களின் பட்டியலை ஒரு காலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் வேடசந்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரின் பின்கோடு இருந்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா, நம்ம ஊர்ல யாருமே சாமான் ஆர்டர் போடலையா?"

"மில்லு மூடி ஒரு மாசம் ஆகப்போகுது. யாரு கையில காசு இருக்கு?"

தேவை: 0. நிரல் சரியாகத்தான் வேலை செய்திருந்தது.

அந்த வாரத்தில்தான் அப்பத்தாவின் பேச்சு ஒன்று நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் நான் அவசர அவசரமாகச் சாப்பிட்டால், "ஏன்யா, தாது வருசத்துல பொறந்தவன் மாதிரி அள்ளி அள்ளித் திங்குற?" என்பாள். அவளே தாது வருஷத்துக்கு ரொம்பப் பிந்திப் பிறந்தவள். அவள் அம்மாவும் அதைப் பார்த்திருக்க மாட்டாள். பார்த்தவர்கள் யாரோ சொல்லி, சொல்லி, என் சோற்றுத் தட்டு வரை அது வந்து சேர்ந்திருக்கிறது. தாது என்பது 1876 சித்திரையில் தொடங்கிய தமிழ் வருஷம். மெட்ராஸ் மாகாணத்தையும் மைசூரையும் தக்காணத்தையும் காலி செய்த பெரும் பஞ்சம் அந்த வருஷத்தில்தான் ஆரம்பித்தது.

தேதிகளைத் தேடிப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. திண்டுக்கல்லுக்கு ரயில் வந்தது 1875-ல். அதாவது பஞ்சத்துக்கு முந்தைய வருஷம்.

*

ரயிலுக்கு முன்னால் இந்தச் சமவெளியில் சரக்கு எப்படிப் போனது? பொதிமாடு, மாட்டுவண்டி. சிறுமலை மாதிரியான மலைகளுக்குக் குதிரை, மட்டக்குதிரை. கடற்கரையிலிருந்து உப்பு உள்ளே வந்தது. இங்கிருந்து பருத்தியும் புகையிலையும் தோலும் வெளியே போயின. பொதிமாட்டுக் கூட்டங்களை ஓட்டிக்கொண்டு லம்பாடிகள் மாகாணத்தின் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள்.

மாட்டுவண்டிக்கு ஒரு கணக்கு உண்டு. தூத்துக்குடியிலிருந்து திண்டுக்கல் சுமார் 200 கிலோமீட்டர். ஜோடி மாடு பூட்டிய வண்டி அரை டன் ஏற்றிக்கொண்டு நாளைக்கு 25 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக எட்டு நாள், வர எட்டு நாள். ஒரு மாட்டுக்கு நாளைக்கு ஆறு கிலோ வைக்கோல் என்று குறைவாகவே வைத்தாலும், ஒரு நடைக்கு 190 கிலோ தீவனம் வேண்டும். நல்ல காலத்தில் இது பிரச்சினையே இல்லை. சாலையோரப் புல்லும் கண்மாய்த் தண்ணீரும் இலவசம். ஆனால் மழை பொய்த்த வருஷத்தில் புல் இல்லை, தண்ணீர் இல்லை. தானியம் கட்டாயம் வேண்டும் என்கிற அதே வருஷத்தில் அதைச் சுமக்கிற மாடு செத்துப்போகும். லாரிக்கு டீசல் விளைகிற வயலும் நமக்குச் சோறு விளைகிற வயலும் ஒன்றாக இருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு ரயிலை விடப் பொருத்தமான ஒன்று இல்லை. எஞ்சினுக்குப் புல் வேண்டாம். நாகப்பட்டினத்தை மையமாகக் கொண்டிருந்த கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயும் கர்நாடிக் ரயில்வேயும் 1874-ல் இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. அடுத்த வருஷமே திருச்சியிலிருந்து மணப்பாறை, அய்யலூர், வடமதுரை, திண்டுக்கல் வழியாக மதுரைக்கு மீட்டர்கேஜ் பாதை திறந்தது. 1876-ல் அது தூத்துக்குடியைத் தொட்டது. அதாவது கடலிலிருந்து திண்டுக்கல் வரை, அங்கிருந்து திருச்சி வழியாக நாகப்பட்டினம் வரை, ஒரே தண்டவாளம். இரண்டு முனையிலும் துறைமுகம்.

அகலப் பாதை என்றால் 1,676 மில்லிமீட்டர். மீட்டர்கேஜ் 1,000. வைசிராய் மேயோ காலத்தில், 1870-ல், செலவைக் குறைக்க எடுத்த முடிவு. ஒற்றைப் பாதை, சின்னப் பெட்டி, சின்ன எஞ்சின். பாதை சின்னதுதான். ஆனாலும் ஒரே ஒரு சரக்கு ரயில் நூற்றுக்கணக்கான மாட்டுவண்டிகளின் பாரத்தை இழுக்கும். எட்டு நாள் தூரம் ஒரு நாளுக்குள் சுருங்கியது.

1876-ல் தென்மேற்குப் பருவமழையும் கைவிட்டது, வடகிழக்கும் கைவிட்டது. ரயில் தயாராக இருந்தது. பிறகு ஏன் அத்தனை பேர் செத்தார்கள்?

*

பதில் தேட மூன்று வருஷம் பின்னால், பீகாருக்குப் போக வேண்டும். 1873-74-ல் அங்கே பஞ்சம் வந்தபோது, ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து சுமார் 4.5 லட்சம் டன் அரிசியை அரசாங்கச் செலவில் வாங்கி, கப்பலில் கல்கத்தா கொண்டுவந்து, ரயிலிலும் வண்டியிலும் உள்ளே அனுப்பினார். பட்டினிச் சாவு மிகமிகக் குறைவு. சரக்கு அனுப்புதலின் வரலாற்றிலேயே பெரிய வெற்றிகளில் ஒன்று அது. அதற்காக அவரை யாரும் கொண்டாடவில்லை. மக்கள் பணத்தை அள்ளி இறைத்துவிட்டார், வியாபாரிகளின் வேலையைக் கெடுத்துவிட்டார் என்று லண்டனிலும் கல்கத்தாவிலும் வறுத்தெடுத்தார்கள்.

மெட்ராஸில் பஞ்சம் தொடங்கியதும் ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் அரசாங்கம் அதே வழியில் ஓர் அடி வைத்தது. அர்பத்நாட் கம்பெனி மூலமாகச் சத்தமில்லாமல் 30,000 டன் தானியம் வாங்கியது. விஷயம் வைசிராய் லிட்டனின் அரசாங்கத்துக்குத் தெரிந்ததும் இனி வாங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. விலை ஏறினால் வியாபாரி தானாகவே தானியத்தைக் கொண்டுவருவான், அரசாங்கம் குறுக்கே நின்றால் அவன் பயந்துபோவான் என்பது அவர்கள் வாதம். 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் லிட்டன் தர்பார் நடத்தினார். அதே மாதம் பஞ்சப் பிரதிநிதியாக மெட்ராஸுக்கு ஓர் ஆள் வந்தார். ரிச்சர்ட் டெம்பிள்.

முந்தைய திட்டு அவருக்கு மறக்கவில்லை. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த அளவில் வேலை வாங்கினால் ஆட்கள் மெலிந்து சாவார்கள் என்று கடைசிவரை எதிர்த்து எழுதினார். சில மாதங்களுக்குப் பிறகுதான் கூலி உயர்ந்தது.

லிட்டன் சொன்ன ஒரு விஷயம் நடக்கவே செய்தது என்பதுதான் இதில் என்னைத் தூங்கவிடாத பகுதி. வியாபாரிகள் தானியம் கொண்டுவந்தார்கள். பர்மாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கப்பல்கள் வந்தன. மெட்ராஸ் கடற்கரையில் மூட்டைகள் மலையாகக் குவிந்தன. ரயில் ஏற்றிச் செல்லும் வேகத்தைவிடக் கப்பல் இறக்கும் வேகம் அதிகமாக இருந்தது. நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் அதேபோல இறங்கியது. தூத்துக்குடியில் அப்போது ஆழமான துறைமுகம் கிடையாது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போடும். தோணிகள் போய் மூட்டைகளை வாங்கி வரும். தோணியிலிருந்து கரை, கரையிலிருந்து தலைச்சுமை, தலைச்சுமையிலிருந்து ரயில் பெட்டி. அந்தப் பெட்டிகள் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் வந்தன.

வந்து? ஸ்டேஷனோடு ரயில் முடிந்துவிட்டது. திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் சுமார் 20 கிலோமீட்டர். நத்தம் அதைவிடத் தூரம். பழனி ஐம்பதுக்கு மேல். பழனி வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகும் ரயில் பாதை 1928-ல்தான் வந்தது. அந்தத் தூரத்தைக் கடக்க மறுபடியும் மாடுதான் வேண்டும். மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. என் துறையில் இதைக் 'கடைசி மைல்' என்பார்கள். ஒரு சரக்கின் பயணத்திலேயே அதிகம் செலவு பிடிப்பது அதுதான்.

ஆனால் அதைவிடப் பெரிய தடை ஒன்று ஸ்டேஷன் வாசலிலேயே நின்றது. தானிய விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறியிருந்தது. மழை இல்லை என்றால் விவசாயிக்கு விளைச்சல் மட்டும்தான் போகும். கூலிக்காரனுக்கு வேலையே போகும். களை எடுக்க எதுவும் முளைக்கவில்லை, அறுக்க எதுவும் விளையவில்லை. நெசவாளிக்குத் துணி வாங்க ஆள் இல்லை. தானியம் கண்ணெதிரே கிடங்கில் இருக்கிறது, வாங்கக் காசு இல்லை. பஞ்சத்தில் பல சமயம் குறைவது உணவைவிட, உணவின் மேல் மனிதனுக்கு இருக்கும் உரிமைதான் என்று அமர்த்தியா சென் 1981-ல் புத்தகமாக எழுதினார். அம்மா போனில் ஒரே வரியில் சொன்னதும் அதுதானே.

ரயில் இன்னொன்றையும் செய்தது. முன்பெல்லாம் ஓர் ஊரில் பஞ்சம் வந்தால் ஐம்பது கல் தள்ளி விலை சாதாரணமாக இருக்கும். தண்டவாளம் வந்த பிறகு ஓரளவு விளைந்த ஊரின் தானியமும் அதிக விலை கிடைக்கும் ஊருக்கு ஏறிப்போனது. அங்கேயும் விலை ஏறியது. பசித்த ஊர் நோக்கித் தானியம் போனது உண்மை. அங்கே காசு இருந்தவன் கைக்குத்தான் போனது என்பதும் உண்மை. மெட்ராஸில் இப்படி நடந்துகொண்டிருந்தபோது இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதியும் நிற்கவில்லை. அங்கே வாடகைக்குக் கட்டியது.

*

சித்தப்பாவிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன், "கேரளாவுல இறக்கிட்டுக் காலியா திரும்புவீங்களா?" என்று. சிரித்தார். "காலியா வந்தா டீசல் காசு யாரு குடுப்பா? ரிட்டன் லோடு கிடைக்கிற வரைக்கும் அங்கயே படுத்துக் கெடக்க வேண்டியதுதான்."

தாது வருஷத்தின் ரிட்டன் லோடு மனிதர்கள். அரிசி எந்தக் கடற்கரையில் இறங்கியதோ அந்தக் கடற்கரை நோக்கி மதுரை, திருச்சி, ராமநாதபுரம் பக்கத்து ஜனங்கள் நகர்ந்தார்கள். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு 1877-ல் போனவர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். சிலர் தூத்துக்குடியில் கொழும்புக் கப்பல் ஏறினார்கள். பலர் ராமேசுவரம் பக்கம் நடந்து, தோணியில் மன்னார் போய், அங்கிருந்து காட்டுவழியாக மாத்தளை வரை நடந்தார்கள். அந்தக் காட்டுப் பாதையில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். இன்று மலையகத் தமிழர் என்று நாம் சொல்கிறவர்களில் எத்தனை குடும்பங்களின் வேர் திண்டுக்கல், பழனி வட்டாரத்தில் இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அதற்கு எந்த பில்டியும் போடப்படவில்லை.

1871 கணக்கெடுப்பில் அன்றைய மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 22.6 லட்சம். திண்டுக்கல்லும் பழனியும் அப்போது அதில்தான் இருந்தன. 1881-ல் சுமார் 21.7 லட்சம். பத்து வருஷத்தில் பிறந்த குழந்தைகளை எல்லாம் சேர்த்த பிறகும் கணக்கு இறங்கியிருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் இந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 55 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதற்கு மேலும் சொல்கிறவர்கள் உண்டு.

மெட்ராஸ் நகரத்தில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து 1877-78-ல் ஒரு கால்வாய் வெட்டினார்கள். பஞ்ச நிவாரண வேலை. படகில் சரக்கு கொண்டுபோவதற்கான கால்வாய் அது. பட்டினி கிடந்தவர்கள் கூலிக்கு வெட்டிய அந்தச் சரக்குப் பாதைக்கு ஆளுநரின் பெயர் வைத்தார்கள். இன்றும் அது பக்கிங்ஹாம் கால்வாய்.

*

ரயிலைக் குற்றவாளியாக்குவது சுலபம். அது நியாயம் இல்லை. தண்டவாளம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் தூத்துக்குடியில் இறங்கிய அரிசி கோவில்பட்டியைக்கூடத் தாண்டியிருக்காது. நகரங்களிலும் முகாம்களிலும் கஞ்சி ஊற்ற அரிசி வந்ததே ரயிலில்தான். 1880-ல் அறிக்கை கொடுத்த பஞ்ச ஆணையம் இன்னும் நிறைய ரயில் வேண்டும், மொத்தம் 20,000 மைல் பாதை இருந்தால்தான் நாடு ஓரளவு பாதுகாப்பாக இருக்கும் என்றது. பஞ்சம் வந்தால் அதிகாரிகள் என்ன செய்ய வேண்டும் என்ற விதித்தொகுப்புகளும் அதன் பிறகுதான் வந்தன.

1874-ல் பீகாருக்கும் 1877-ல் மெட்ராஸுக்கும் நடுவே ரயிலோ கப்பலோ பெரிதாக மாறிவிடவில்லை. பர்மா அரிசி அதேதான். அதிகாரிகூட அதே ஆள். மாறியது ஒன்றுதான்: சரக்கு எங்கே இறங்க வேண்டும் என்று யார் முடிவு செய்வது, அந்தப் பயணத்துக்கு யார் காசு கொடுப்பது. பீகாரில் அதை ஒரு மனிதன் முடிவு செய்தான், அரசாங்கம் காசு கொடுத்தது. மெட்ராஸில் அந்த முடிவை விலையிடம் விட்டுவிட்டார்கள். விலைக்குக் கேட்கிற ஒரே குரல், காசு உள்ளவனின் குரல். என் நிரலின் 'தேவை' கட்டமும் அதே காதோடுதான் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் 0 என்று வந்தால் இரண்டு அர்த்தம் இருக்கலாம். யாருக்கும் வேண்டாம், அல்லது யாராலும் முடியாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

2020 மார்ச்சில் பயணிகள் ரயில் நின்றது, சரக்கு ரயில் நிற்கவில்லை. கோதுமையும் அரிசியும் தண்டவாளத்தில் போய்க்கொண்டிருக்க, அதே தண்டவாளத்தை ஒட்டி மனிதர்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு நடந்தார்கள். 1877-ஐப் படித்த பிறகு அந்தப் படங்களைப் பார்க்க முடியவில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒன்று வேறாக நடந்தது. என் நிரல் ஊரைக் கைவிட்ட அதே மாதத்தில், அம்மா மறுபடி போன் செய்தாள்.

"ரேஷனுக்கு அரிசி வந்துருச்சுப்பா. வட்டம் போட்டு நிக்க வெச்சுக் குடுக்குறாங்க."

இந்திய உணவுக் கழகம் 1965-ல் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-ல் வந்தது. 2011 முதல் இங்கே ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாது. அந்த அரிசியைப் பற்றி நாமே நிறைய கிண்டல் செய்திருக்கிறோம். வாசம், வண்டு, கல். நானும் செய்திருக்கிறேன். சரக்குப் போக்குவரத்து தெரிந்தவனாக இப்போது பார்த்தால், அந்த லாரி போகும் பாதை எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எந்த ஊரும் ஆர்டர் போடுவதில்லை. எந்த ஊரிலும் வாடகைக்குக் கட்டாது. கார்டு எத்தனை என்பதுதான் கணக்கு. மில் ஓடினாலும் மூடினாலும் மாதம் பிறந்தால் வண்டி வரும். டெம்பிள் 1874-ல் ஒருமுறை செய்து திட்டு வாங்கிய காரியத்தை இந்த மாநிலம் மாதாமாதம் செய்துகொண்டிருக்கிறது.

நிரலில் அந்த விதியை மாற்றினேன். மூன்று வாரம் 0 வந்தால் ஊர் தானாக விழாது. ஒரு மனிதரின் திரைக்குப் போகும். அவர் அங்கே யாருக்காவது போன் செய்து விசாரித்துவிட்டுத்தான் நீக்க முடியும். மேலே இருந்தவர்கள் முதலில் செலவு என்றார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். அந்தத் திரையை இப்போது எத்தனை பேர் ஒழுங்காகப் பார்க்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது ரேஷன் கடை வாசலில் லாரி நின்றது. லோடுமேன்கள் இரண்டு பேர், தலையில் துண்டைச் சும்மாடாகக் கட்டி, 50 கிலோ மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்க மூட்டை இறக்கினாலும் சாயங்காலம் அவர்களும் இதே மாதிரி ஒரு கடையில், கார்டோடு, வரிசையில் நிற்க வேண்டியவர்கள்தான். சாக்கின் தையல் பிரிந்து கொஞ்சம் அரிசி மண்ணில் சிந்தியது. வரிசையில் நின்ற ஒரு பாட்டி குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரர், "அத விடு ஆத்தா, உனக்குத்தான் தரப்போறோம்ல" என்றார். அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.